கை நடுங்குதுன்னு நான் எழுதினது

கண்ணு,

ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு அம்மா எனக்கு லெட்டர் எழுதறாளேன்னு நீ சிரிக்கலாம். சிரிச்சுக்க. மொகத்தப் பாத்துச் சொல்லிப்போடலாம்னு மூணு நாளா வாயத் தொறந்து தொறந்து பாத்தேன். "என்னங்கம்மா?"ன்னு நீ திரும்பினதும், "ஒண்ணுமில்ல சாமி, ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு பாரு"ன்னுதான் வருது. கண்ணாஸ்பத்திரியில முப்பது வருசம் நர்ஸ் வேலை பாத்தவ, எத்தனையோ பேருகிட்ட "இனிமேப் பார்வை வராதுங்க"ன்னு நேருக்கு நேரா சொன்னவ, பெத்த புள்ளகிட்ட ஒரு விசயத்தச் சொல்ல முடியாம உப்பு, புளின்னு ஒளறிக்கிட்டிருக்கேன். அதே ஆஸ்பத்திரியில நீயும் நர்ஸு, வர்ற சனிக்கிழமை உனக்கு அங்க கடைசி நாள். திங்கக்கிழமை திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குச் சேரப்போற. அதுக்குள்ள நீ இதப் படிச்சாகணும்.

இது மூடின லெட்டர் இல்ல. இதே மாதிரி இன்னொரு காப்பி எழுதி, நர்ஸுங்க சாப்பிடற ரூமு மேசை மேல வச்சுப்போட்டேன். நான் வாங்கின நல்ல பேரையெல்லாம் அந்த ரூமுலதான் வாங்கினேன். திருப்பிக் குடுக்கறதும் அங்கதான் குடுக்கணும். வெளியாளுகளும் படிப்பாங்கன்னு உனக்குத் தெரிஞ்ச சங்கதியவே சில எடத்துல விளக்கி எழுதறேன், சலிச்சுக்காத.

மொதல்ல விசயத்தச் சொல்லிப்போடறேன். சுத்தி வளைச்சா மறுபடியும் ரசத்துக்குப் போயிருவேன். உன்ற கை நடுங்கல கண்ணு. என்னைக்கும் நடுங்கினதில்ல. போன வருசம் உன்ற பயிற்சி பாரத்துல "கை நடுங்குகிறது, கண் ஊசிக்குத் தகுதியில்லை"ன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டனே, அது பொய். உன் மேல இருந்த பொறாமையில எழுதினேன். பெத்தவளுக்கு மகள் மேல பொறாமையான்னு ஊரு கேக்கும். ஆமா, பொறாமைதான். அக்கறை, கண்டிப்பு, பயம்னு வேற நல்ல வார்த்தையெல்லாம் தேடிப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல.

எங்கிருந்து வந்துச்சுன்னு சொன்னாத்தான் உனக்குப் புரியும். நீ பொறக்கறதுக்கு முந்தின வருசம், உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டிருந்தோம். அப்பெல்லாம் சீக்காளிகள இங்க கோயமுத்தூருக்குக் கூட்டியாறதில்ல, நாமதான் பெஞ்சு, விளக்கு, ஊசி கொதிக்க வைக்கற சட்டின்னு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போவோம். பெரிய டாக்டரு அப்ப சின்ன டாக்டருதான், மீசை கூட ஒழுங்கா மொளைக்கல. அவரு வந்த வண்டி பொள்ளாச்சி தாண்டி நின்னுபோயி, ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து சேர்ந்தாரு. உள்ள நாப்பது பேரு கண்ணுல மருந்து உட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னால கண்ணு மரத்துப்போக, கீழ் இமையோரமா எலும்புக்கும் கண்ணுமுழிக்கும் நடுவுல ஒரு ஊசி போடணும். அது டாக்டரு மட்டும் போடற ஊசி. துளி விலகினா முழியக் குத்திப்போடும். அவரு கையக் கழுவிக்கிட்டே என்னைப் பாத்து, "சிஸ்டர், நான் போடறத எத்தனை பாத்திருப்பீங்க?"ன்னாரு. "ஆயிரம் இருக்குமுங்க"ன்னேன். "அப்ப நீங்க போட்டுக் கொண்டாங்க, நான் கத்தியப் புடிக்கறேன்"னு சொல்லிப்போட்டாரு. அன்னைக்கு நாப்பது கண்ணுக்கும் நான்தான் போட்டேன். மொதல் ஆளுக்குப் போடறப்ப எல்லாச் சாமியையும் கூப்புட்டுக்கிட்டேன். ஆனா கை? கல்லு மாதிரி நின்னுச்சு. எனக்கே ஆச்சரியம். ஒரு வேலைக்காகவே நம்ம கைய சாமி செஞ்சிருக்குன்னு ஒரு நாளாவது தோணணும் கண்ணு. எனக்கு அன்னைக்குத் தோணுச்சு.

அதுல இருந்து இருபத்திரண்டு வருசம் போட்டேன். கேஸ் சீட்டுல "ஊசி போட்டவர்"ங்கற எடத்துல டாக்டரு பேருதான் இருக்கும். நானே என்ற கையில அவரு பேர எழுதுவேன். சீக்காளிகளுக்குக் கண்ணுல பொரை விழுந்து கெடக்கும், எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாது. மறுநாள் கட்டுப் பிரிக்கறப்ப டாக்டரு கையப் புடிச்சுக்குவாங்க. "உங்க கை ராசிங்க சாமி, ஊசி குத்துனதே தெரியலீங்க"ன்னு கண்ணுல ஒத்திக்குவாங்க. அவரு என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ஊறுகாயா போடறது? ஊட்டுக்கு வந்து உங்கப்பாகிட்டக் கூடச் சொல்ல முடியாது. நர்ஸு போடக் கூடாத ஊசி. வெளிய தெரிஞ்சா அவருக்கும் கேடு, எனக்கும் கேடு.

இதுல அவர முழுசாக் கொறை சொல்லவும் எனக்கு வாயில்ல. ஒரு தடவை காங்கேயத்துல இருந்து ஒரு மாட்டு வியாபாரி வந்தாரு, நல்ல தாட்டியான ஆளு. ஊசி போட்டு எடுத்தேன், கண்ணு அப்படியே முன்னால தள்ளிக்கிட்டு வருது. இமை ரெண்டும் கருத்துப்போச்சு. முழிக்குப் பின்னால ரத்தக் கொழாயில பட்டு ரத்தம் கட்டிருச்சு. எனக்கு என்ன செய்யணும்னு புஸ்தகத்துல தெரியும், ஆனா சிரிஞ்சப் புடிச்ச கைய நகத்த முடியல, நின்ன எடத்துல மரமா நின்னுபோட்டேன். டாக்டரு ஓடியாந்து உள்ளங்கையில அழுத்திப் புடிச்சு, விட்டு விட்டு அழுத்தி, கட்டுப் போட்டு, ஆபரேஷனத் தள்ளி வச்சாரு. வெளிய வந்து அந்தாளோட பசங்ககிட்ட, "நான் போடறப்ப ரத்தக் கொழாயில பட்டிருச்சுங்க"ன்னாரு. "நான்"னாரு பாரு! அவங்க பேசின பேச்சு, யப்பா, அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாரு. என் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல. ஒரு மாசம் கழிச்சு அந்தக் கண்ணுல ஆபரேஷன் ஆகிப் பார்வையும் வந்துச்சு. அதனால அவரு பேரு எழுதினதுல எனக்கு நட்டம் மட்டும்னு சொன்னா அதுவும் பொய்தான். இந்த லெட்டர்ல ஒரு பொய்ய எடுக்கறப்ப இன்னொண்ண வைக்க வேண்டாம்.

அப்பறம் காலம் மாறுச்சு. கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கற ஆபரேஷன் வந்துச்சு, கூட்டம் தாங்கல. வால்பாறை எஸ்டேட்டுல இருந்தெல்லாம் பஸ்ஸு புடிச்சு ஆளுக வந்து எறங்குனாங்க. டாக்டருங்க ஊசியும் போட்டு, ஆபரேஷனும் பண்ணி முடியல. அப்பத்தான் பெரிய டாக்டரு மீட்டிங் போட்டாரு. நர்ஸுங்கள்ல கை நிதானமானவங்களப் பொறுக்கி, முறையாப் பழக்கி, பரீட்சை வச்சு, இனிமே கண் ஊசிய அவங்க போடட்டும்னாரு. ஒரு சின்ன டாக்டரு எந்திரிச்சு, "பத்து வருசம் படிச்சு நாங்க வாங்கின வேலைய ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டு நர்ஸ் செய்யறதுன்னா, நாங்க எதுக்குங்க சார்?"னு கேட்டாரு. மொகமெல்லாம் செவந்துபோச்சு. அந்தப் பையனப் பாத்து நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன், உனக்கு இன்னைக்கு எரியுதா தம்பின்னு. பெரிய டாக்டரு பொறுமையா, "நீங்க கத்தியப் புடிங்க, ஊசி அவங்க போடட்டும். ஏதாச்சும் ஆச்சுன்னா பக்கத்துல நீங்க இருக்கீங்க"ன்னாரு. பொறவு எல்லாரையும் பாத்து, "சீட்டுல அவங்க பேரையே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நம்ம ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் இந்த ஊசி போடறது இதுதான் மொதல் தடவை"ன்னாரு.

மொதல் தடவை! நான் பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தேன். இருபத்திரண்டு வருசம் எங்க போச்சு? அவரு என்னைப் பாப்பாருன்னு பாத்தேன். பாத்தாரு, அதே சிரிப்பு. நீ எனக்கு முன்னால ரெண்டாவது வரிசையில உக்காந்து கை தட்டிக்கிட்டிருந்த. உன்ற ஜடை ஆடறத நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

சரி, இப்பவாச்சும் நம்ம பேர எழுதிப் போடலாமேன்னு நெனைச்சேன். அங்கதான் இன்னொரு கெரகம். அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி எனக்குக் கையில லேசா நடுக்கம் வந்திருச்சு. டம்ளரப் புடிச்சாக் காப்பி அலையடிக்கும். நான் யாருகிட்டயும் சொல்லல, டம்ளரப் பாதி ஊத்திக் குடிச்சுப் பழகிக்கிட்டேன். பெரிய டாக்டரு கண்ணுல அது பட்டிருச்சு. தனியாக் கூப்புட்டு, "சிஸ்டர், நீங்க சொல்லிக் குடுங்க, பக்கத்துல நின்னு பாத்து மார்க் போடுங்க. உங்களுக்கு மேல யாரு இருக்கா?"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, கொறையே இல்ல. மனசுல போட்டுப் பாத்தா, உனக்குச் சோறு இல்ல, நீ பரிமாறுன்னு சொன்னாப்புல இருந்துச்சு. நான் ஆரம்பிச்ச வேலை, அதுக்கு ஒரு பேரு வர்றப்ப என்ற கை போயிருச்சு பாரு. யாரு மேல கோவிச்சுக்கறது?

மொத பேட்ச்சுல ஆறு பேரு. சாந்தாமணி நல்லாப் போட்டா, பயந்து பயந்து போட்டாலும் சுத்தமாப் போட்டா. அவளுக்குப் பாஸ் போட்டேன், துளியும் எரிச்சல் வரல. அவ யாரோ பெத்த புள்ள. உன்ற முறை வந்துச்சு. வால்பாறையில இருந்து வந்த ஒரு அம்மா, தேயிலை கிள்ளிக் கிள்ளி விரலு கருத்துப்போன கை, அதுல சேலைத் தலைப்பக் கசக்கிக்கிட்டுப் படுத்திருந்தாங்க. நீ அந்தக் கையத் தொட்டு, "மேல பாருங்கம்மா, உங்க ஊருல இப்ப மழையா?"ன்னு கேட்ட. அந்தம்மா மழையப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. அட்டை கடிக்கறதச் சொன்னாங்க, எஸ்டேட்டு லயத்து ஊடு ஒழுகறதச் சொன்னாங்க. நீ போட்டு எடுத்து, பஞ்ச வச்சு அழுத்திக்கிட்டு நிக்கற, அந்தம்மா, "அதெல்லாம் கெடக்குது, ஊசி எப்பம்மா போடுவீங்க?"ன்னாங்க. ரூமே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வல்ல. அந்தப் பேச்சுக் குடுக்கற வித்தைய உனக்கு நான் சொல்லிக் குடுக்கல. எனக்கே தெரியாது. நான் இருபத்திரண்டு வருசமும் வாயத் தொறக்காமப் போட்டேன், குரலக் கேட்டா நர்ஸுன்னு தெரிஞ்சுபோகுமேன்னு.

அதோட போயிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். அந்தம்மா கையத் தூக்கி உன்ற கன்னத்தத் தடவி, "உம் பேரென்ன தாயி?"ன்னாங்க. நீ சொன்ன. அவங்க அத ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாங்க, மறந்துபோகக் கூடாதுன்னு. இருபத்திரண்டு வருசத்துல எத்தனை ஆயிரம் கண்ணு! ஒரு சீவன் என்ற பேரக் கேட்டதில்ல. உனக்கு மொதல் ஊசியிலயே. அந்த நிமிசம் நீ என்ற மகளாத் தெரியல. என்ற தட்டுல இருந்து சோத்த எடுத்துத் தின்னுக்கிட்டு நிக்கற எவளோவாத் தெரிஞ்ச. எழுதக் கை கூசுது, ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

மத்தியானம் பாரத்த எடுத்து வச்சு உக்காந்தேன். "கை நிதானம்"ங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு யோசிக்கக் கூட இல்ல. எனக்கு இருந்த சீக்க எடுத்து உன்ற பேருக்கு நேரா எழுதினேன். கை நடுங்குகிறது. எழுதறப்ப என்ற கை நடுங்குச்சு, எழுத்துக் கோணிச்சு, அதனால அடிச்சுப்போட்டு மறுபடி திருத்தமா எழுதினேன். அவ்வளவு நிதானமாச் செஞ்ச வேலை கண்ணு அது, ஆத்திரத்துல செஞ்சுபோட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அதுக்கப்பறம் நடந்ததுதான் இன்னும் அசிங்கம். திட்டுவாங்கன்னு நெனைச்சேன், ஏன் இப்படின்னு ஒருத்தராவது கேப்பாங்கன்னு நெனைச்சேன். மாறா, எல்லாரும் என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடுனாங்க. "சொந்த மகள்னு கூடப் பாக்கல பாருங்க"ன்னு பெரிய டாக்டரு மீட்டிங்ல சொன்னாரு. எந்தத் தாயாவது மகளுக்குக் கையெழுத்துப் போடாம இருப்பாளா, அப்ப நெசமாத்தான் இருக்கும்னு ஒருத்தருக்குக் கூடச் சந்தேகம் வல்ல. நேத்து வரைக்கும் என்னைத் திரும்பிப் பாக்காத அந்தச் சின்ன டாக்டரு கூட, "உங்கள மாதிரி ஒருத்தரு இருந்தா நர்ஸுங்க ஊசி போடட்டுங்க சிஸ்டர், எனக்கு மறுப்பில்ல"ன்னாரு. உன்ற சின்னத்தை ஒரு கல்யாணத்துல நாலு பேரு மத்தியில, "எங்கண்ணன் பொண்டாட்டி, எங்க நங்கையா, நேர்மைக்கு மறுபேரு"ன்னா. கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சு கண்ணு. இருபத்திரண்டு வருசமா கெடைக்காத பேரு, ஒரு பொய்யில கெடைச்சுது. நான் அத ரெண்டு கையிலயும் வாங்கித் தின்னேன். நீ அங்கதான் பந்தியில பாயாசம் பரிமாறிக்கிட்டு நின்ன, வாளியக் கீழ வச்சுப்போட்டு உன்ற கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்த.

நீ என்கிட்ட ஒரு வார்த்தை சண்டைக்கு வந்திருந்தா நான் ஒடஞ்சிருப்பேன். நீ வல்ல. "அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னு மூக்குக் கண்ணாடி குடுக்கற எடத்துக்குப் போயி உக்காந்துக்கிட்ட. டம்ளர ரெண்டு கையில புடிக்க ஆரம்பிச்ச. உங்கப்பாவுக்குச் சக்கரைக்குக் காலையில காலையில ஊசி போட்டுக்கிட்டிருந்தவ, "நீங்களே போடுங்கம்மா, என்ற கை சரியில்ல"ன்னு ஒதுங்கிக்கிட்ட. அப்பறம் எனக்குத் தெரியாம ஒரு நாள் லீவு போட்டுப் பெரியாஸ்பத்திரியில நரம்பு டாக்டருகிட்ட வரிசையில நின்னுருக்க. சீட்டு உன்ற கைப்பையில இருந்துச்சு, பாத்தேன். நடுக்கம் எதுவும் இல்லைன்னு அவரு தெளிவா எழுதிக் குடுத்திருக்காரு. நான் அத இருந்த எடத்துலயே மறுபடி வச்சுப்போட்டேன். நீ அத நம்பல. நரம்பையே படிச்ச டாக்டரு சொன்னத விட, இந்த நர்ஸு எழுதினது உனக்குப் பெருசாப் போச்சு. வாழ்நாளெல்லாம் டாக்டருக்குச் சமமா என்ற வார்த்தைய யாராவது எடுத்துக்க மாட்டாங்களான்னு ஏங்கினேன். எடுத்துக்கிட்ட ஒரே ஆளு நீ, அதுவும் நான் பொய் சொன்ன ஒரே தடவை.

அப்பவும் நான் சொல்லல. அதையும் எழுதிப்போடறேன். திருப்பூர் வேலைக்கு நீ சரின்னு சொன்னப்ப, போனாப் போகட்டும், தெனமும் மொகத்தப் பாக்காம இருந்தா எனக்கும் ஆறும்னுதான் நெனைச்சேன்.

போன ஞாயித்துக்கெழமை உங்கப்பாதான் ஒடைச்சாரு. மில்லு மூடினதுல இருந்து பேச்சே கொறைஞ்சுபோன மனுசன். நான் சிரிஞ்சுல மருந்து ஏத்திக்கிட்டு வாரேன், ஊசி நுனி ஆடுது, அவரு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. குத்தினேன். பல்லக் கடிச்சுக்கிட்டாரு. பொறவு வேட்டிய எறக்கி உட்டுக்கிட்டு, "ஏனுங் சிஸ்டரு"ன்னாரு. கேலி பண்றப்பத்தான் அப்படிக் கூப்புடுவாரு, உனக்குத் தெரியும். "என்னங்க?"ன்னேன். "ஆறு வருசம் புள்ள குத்துனா. ஒரு வருசமா நீ குத்தற. ரெண்டு பேருகிட்டயும் குத்து வாங்கினவன் இந்த ஒலகத்துல நான் ஒருத்தன்தான். நடுங்கற கை எதுன்னு என்ற தொடையக் கேளு, சொல்லும்"னாரு. சிரிஞ்ச மேசையில வச்சேன். "எதுக்கு அப்படி எழுதினயின்னு நான் கேக்கல. புள்ள போறதுக்குள்ள நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?"ன்னாரு. "நானே சொல்றனுங்க"ன்னேன். ஒரு வருசமா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெனமும் வலியப் பொறுத்துக்கிட்டு, நானாச் சொல்லுவேன்னு உக்காந்திருந்திருக்காரு. அந்த மனுசனுக்கு என்னைப் பத்தி அவ்வளவு நல்ல எண்ணம் எதுக்குன்னு தெரியல.

இன்னைக்குக் காலையில பெரிய டாக்டருகிட்டப் போயிச் சொல்லிப்போட்டேன். உன்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா, "போகட்டும் உடுங்கம்மா, வெளிய சொல்லி அசிங்கப்படாதீங்க"ன்னு நீ என்னைக் காப்பாத்தப் பாப்ப. அதனாலதான் அங்க மொதல்ல போனேன். அவரு கண்ணாடியக் கழட்டி மேசை மேல வச்சாரு. "ஏன் சிஸ்டர்?"னு மட்டும் கேட்டாரு. "நீங்க மொதல் தடவைன்னு சொன்னீங்களேங்க"ன்னேன். அவருக்குப் புரிஞ்சுபோச்சு, மொகம் மாறிருச்சு. தப்புத்தான் சிஸ்டர்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நின்னேன். இப்பக் கூட, இந்த அசிங்கத்துக்கு நடுவுல கூட, அந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு நின்னேன் பாரு. அவரு சொல்லல. பயிற்சி பாரமெல்லாம் இருக்கற பீரோ சாவியக் கேட்டாரு, குடுத்துப்போட்டேன். இனிமே நான் யாருக்கும் மார்க் போட மாட்டேன். அவரு செஞ்சது சரி, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.

உன்ற ராஜினாமாவக் கிழிச்சுப்போடுங்கன்னு கெஞ்சினேன். "அது அவங்க குடுத்தது. அவங்களே வந்து கேட்டாத்தான் திருப்பித் தருவேன். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் என்ற மேசையில இருக்கும்"னாரு. நீ கேட்டா, நீ ஊசி போடற பத்துக் கேஸ சாந்தாமணி பக்கத்துல நின்னு பாப்பா, அவ எழுதறதுதான் முடிவு. நான் அந்த ரூமுப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு.

நீ போனயின்னா ரெண்டு விசயம் சொல்லணும், தாயா இல்ல, இந்த ஊசியப் போட்டவளா. கண்ணு முன்னால தள்ளிக்கிட்டு வந்துச்சுன்னா என்னை மாதிரி நின்னுபோகாத, உடனே அழுத்திப் புடிச்சுக்கிட்டு டாக்டரக் கூப்புடு, கத்திக் கூப்புடு, மானம் போகுதேன்னு பாக்காத. ஊசி போடற வரைக்கும் நம்ம வேலை, அதுக்கு மேல அவங்க படிச்ச படிப்பு வேணும், அதுல நமக்கு வீம்பு ஆகாது. இன்னொண்ணு, கெட்டுப்போன கேஸுலயும் உன்ற பேரையே எழுது. ஏச்சையும் நீயே வாங்கிக்க. டாக்டரு வாங்கிக்கறேன்னு முன்னால வந்தாலும் உடாத. எனக்கு அவரு வாங்கிக்கிட்டாரு, அதனாலதான் நல்லதையும் அவரே வாங்கிக்கிட்டப்ப என்னால ஒண்ணும் கேக்க முடியல.

என்ற பொறாமை தீந்துபோச்சுன்னு நெனைச்சுக்காத. இத எழுதறப்பவும் இருக்கு. சாந்தாமணி உன் பக்கத்துல நிக்கப்போறாள்ல, அவ மேல கூட இப்ப வருது. நீ பாஸாகி, சீக்காளிக உன்ற பேரக் கேட்டு வர ஆரம்பிச்சா, நான் சமையக்கட்டுல பாத்திரத்த டமால் டுமால்னு வைப்பேன். வச்சா வச்சுக்கட்டும்னு நீ பாட்டுக்கு உன்ற சோலியப் பாரு. அது என்ற சீக்கு, நான்தான் பட்டுக்கணும்.

மன்னிச்சுருன்னு கேக்க மாட்டேன். கேட்டா நீ உடனே சரின்னு சொல்லிப்போடுவ, உன்ற கொணம் எனக்குத் தெரியும், அது எனக்கு ரொம்ப மலிவாக் கெடைச்ச மாதிரி ஆயிரும். டாக்டரு மேசைக்குப் போறதும் போகாததும் உன்ற இஷ்டம். பனியன் கம்பெனியே புடிச்சிருக்குன்னா அங்கயே போ கண்ணு, அதுவும் நல்ல வேலைதான். ஆனா ஒண்ணு. கை நடுங்குதுன்னு நெனைச்சுக்கிட்டுப் போகாத. எங்கம்மா எனக்குத் துரோகம் பண்ணிப்போட்டா, இனி அவ மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு கோவிச்சுக்கிட்டுப் போ.